முதல் இருக்கையின் அடியில்

குலேந்திரன் செய்த இருக்கைகளில் வருஷத்துக்கு எத்தனை இலட்சம் பேர் ஏறி அலறுகிறார்கள் என்று அவருக்கே தெரியாது. அவர் மட்டும் ஒரு நாளாவது அதில் ஏறிப் போனதில்லை.

சுவிஸில் சோலோதுர்னுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. பேர் சொன்னால் வில்லங்கம், விடுவோம். சினிமாப் படம் எடுக்கிற பெரிய ஸ்டூடியோ ஒன்று நாடு நாடாகக் கேளிக்கைப் பூங்கா கட்டிக்கொண்டு போகிறது. அந்தப் பூங்காக்களில் தலைகீழாகச் சுழன்று ஓடும் வண்டிகளுக்கு இருக்கை செய்து கொடுப்பவர்கள் இவர்கள்தான். இருக்கையின் கெட்டியான வெளி ஓட்டின் மேல் மெத்தையைப் பொருத்துவது, மடியை அமத்திப் பிடிக்கிற கம்பியைப் பூட்டுவது, பூட்டியபின் தானே ஏறி இருந்து இழுத்துப் பார்ப்பது, இவ்வளவும் குலேந்திரனின் பொறுப்பு. கூட்டித் துடைக்கிற வேலைக்கென்று போனவர் அங்கேயே இருபத்துநான்கு வருஷம் நின்றுவிட்டார். இன்னும் மூன்று வருஷத்தில் பென்ஷன்.

ஸ்டூடியோவுக்குத் தொடக்கத்தில் புளோரிடாவில் ஒரேயொரு பூங்காதான் இருந்தது. பிறகு ஆசை யாரை விட்டது? ஒரு படம் பிய்த்துக்கொண்டு ஓடினால் போதும், இரண்டு வருஷத்தில் அந்தப் படத்தின் பேரில் ஒரு சவாரி வந்துவிடும். யப்பானில் ஒன்று, கொரியாவில் ஒன்று, சீனாவில் ஒன்றுக்கு இரண்டு, கடைசியில் பாலைவனத்துக்கு நடுவே குளிரூட்டிய மண்டபத்துக்குள்ளும் ஒன்று. தியேட்டருக்குப் போகிற சனம் குறையக் குறையப் பூங்காவுக்குப் போகிற சனம் கூடியது. தொழிற்சாலைச் சாப்பாட்டறையில் ஒரு உலகப்படம் தொங்குகிறது. புது ஓடர் வந்தால் பொறுப்பாளர் ஊர்ஸ் அதில் ஒரு சிவப்புக் குண்டூசியைக் குத்துவார், எல்லாரும் கைதட்டுவார்கள். குலேந்திரனும் தட்டுவார்.

அந்த ஓடரின் முதல் இருக்கை கைக்கு வந்த நாளில் வீட்டுக்குப் போனதும் சப்பாத்தைக் கழற்ற முதல் அவர் மனைவிக்குச் சொல்கிற முதல் வார்த்தை "போட்டாச்சு" என்பதாகத்தான் இருக்கும். அவள் குசினிக்குள் நின்றபடியே கேட்பாள், "எந்த நாடு?"

அது என்ன கதை என்று சொல்லவேண்டும்.

அவர் மனைவி தில்லைநாயகி லேசுப்பட்டவள் இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னர், புளோரிடாவுக்கான முதல் ஓடர் முடிகிற தறுவாயில், தொழிற்சாலையில் குடும்பங்களைக் கூப்பிட்டு வேலை காட்டுகிற நாள் வந்தது. மற்றவர்களின் மனைவிமார் கேக் சாப்பிட்டுக்கொண்டு நின்றார்கள். இவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பட்டறைக்குள் போனாள். முதல் வண்டியின் முதல் இருக்கை, இரண்டு பேர் சேர்ந்து இருக்கிறது, வார்னிஷ் அடிக்கப் போகக் காத்திருந்தது. அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, வேலை துடங்க முதல் சுழி போட்டனியளோ?"

"உமக்கென்ன விசரே? இது இருக்கையப்பா, கொப்பியில்லை."

"என்னவா இருந்தா என்ன? ஆர் பெத்த பிள்ளையள் வந்து ஏறி இருக்கப் போகுதுகளோ. சும்மா அனுப்பிறதே?"

சொன்ன கையோடு அவரின் சட்டைப்பையிலிருந்து பென்சிலைப் பிடுங்கினாள். முழங்காலில் நின்று, ஓட்டின் அடிப்பக்கத்தில் ஒரு பிள்ளையார் சுழியைப் போட்டாள். கீழே இருந்து எட்டிப் போட்டதால் அதன் கோடு கொஞ்சம் சரிந்து போயிற்று. குலேந்திரன் ஊர்ஸ் பார்க்கிறாரோ என்று அங்கும் இங்கும் முழித்தார். அவள் பாட்டுக்குக் கையைத் தட்டிக்கொண்டு எழும்பினாள்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவர்கள் கதைப்பதும் இல்லை. ஆனால் அன்றையிலிருந்து எந்த நாட்டுக்கு இருக்கை போனாலும், முதல் வண்டியின் முதல் இருக்கைக்கு மெத்தை பூட்ட முதல், ஒருவருக்கும் தெரியாமல் குலேந்திரன் அடியில் ஒரு சுழி போட்டுவிடுவார். தான் போட்டதை வந்து அவளிடம் சொல்வார். அவள் நாட்டைக் கேட்பாள். அவர் சொன்னதும் அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு என்ன முகம், என்ன சாப்பாடு என்று அவள் தொடங்கினாளென்றால் சோறு ஆறிவிடும்.

ஒருநாள் புளோரிடாவுக்குப் போய் அந்த முதல் இருக்கையில் இருவரும் ஏறி இருப்பது என்று ஒரு எண்ணம் இருந்தது. முதலில் கையில் இருந்த தற்காலிக வதிவிட அட்டையோடு எல்லை தாண்ட முடியவில்லை. பாஸ்போட் கிடைத்த வருஷம் அவள் வருத்தம் பிடித்துப் படுக்கையில் விழுந்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னர் போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் அவர் சுழி போட்டார். வீட்டுக்கு வந்து அவள் படத்தைப் பார்த்துப் "போட்டாச்சு" என்றும் சொன்னார். வேறு யாரிடம் சொல்வது? மூன்றாம் மாடியில் இந்தப் பக்கம் ஒரு போர்த்துக்கீசக் குடும்பம், அந்தப் பக்கம் காது கேளாத ஒரு சுவிஸ் கிழவர். சனிக்கிழமையில் ஓர்லிகோனில் இருக்கிற தமிழ்க் கடைக்குப் போய் மரக்கறி வாங்கினால் கடைக்காரனோடு இரண்டு வார்த்தை. மற்றபடி அவர் வாய் திறப்பது தொழிற்சாலையில்தான், அதுவும் "மோர்கன்", "மெர்சி", "ஷோன் குட்" என்று வணக்கம், நன்றி, பரவாயில்லை சொல்கிற அளவில்.

போன மாசி மாதம் கதை கந்தலானது.

சீனாப் பூங்கா ஒன்றில் வருடாந்தச் சோதனைக்காக இந்தமுறை இருக்கைகளையே கழற்றியிருக்கிறார்கள். முதல் இருக்கையின் அடியில் ஒரு பென்சில் கோடு. இந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு: பதிவேட்டில் இல்லாத எந்த அடையாளமும் ஆபத்துக்கு அறிகுறி. யாரோ வெடிப்பைக் கண்டு கோடு போட்டுவிட்டு எழுத மறந்திருக்கலாம் அல்லவா? சவாரியை நிறுத்திவிட்டார்கள். நான்கு நாள், ஆயிரக்கணக்கான சனம் ஏமாந்து திரும்பியது. இருக்கை ஓடு முழுவதையும் எக்ஸ்ரே எடுத்துத் தேடியும் வெடிப்பைக் காணவில்லை. கோட்டின் படம் மட்டும் சோலோதுர்னுக்கு வந்து சேர்ந்தது.

ஒன்பது மணித் தேநீர் இடைவேளையில் ஊர்ஸ் அந்தப் படத்தைச் சாப்பாட்டறைச் சுவரில் பெரிதாகக் காட்டினார். "இது என்னவென்று யாருக்காவது தெரியுமா?"

மேசையில் இருந்த பதினேழு பேரும் சுவரை அண்ணாந்து பார்த்தார்கள். சுவரில் சுழி ஒரு ஆள் உயரத்துக்கு நின்றது. அவ்வளவு பெரிதாக அதைக் கோயிலில்கூடக் குலேந்திரன் கண்டதில்லை.

அந்த அறையில் அதை அடையாளம் கண்ட இன்னொரு ஆளும் இருந்தாள். லக்சாயினி, தரச்சோதனைப் பிரிவில் வேலைசெய்கிற இருபத்தெட்டு வயதுப் பெண். இங்கேயே பிறந்தவள், தமிழைவிட ஜேர்மன்தான் அவளுக்குச் சரளம். எல்லாரும் எழும்பிப் போனதும் அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அங்கிள், அது நீங்களோ?"

"ஓம் பிள்ளை."

"ஐயோ அங்கிள்! எத்தினையில போட்டிருக்கிறியள்?"

"எல்லாத்திலயும்."

அவள் தலையில் கைவைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டாள்.

அவர் நேரே ஊர்ஸின் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினார். வேலை போனால் போகட்டும், ஒரு சவாரி நின்ற மாதிரி இனி ஒவ்வொரு நாட்டிலும் நிற்கக்கூடாது. ஒரு வேலையைத் தொடங்கும்போது எங்கள் ஆட்கள் போடுகிற குறி அது, நல்லபடியாக முடியட்டும் என்று போடுவது என்று தனக்குத் தெரிந்த ஜேர்மனில் சொன்னார். ஊர்ஸ் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

"குலே, நீ என் ஆட்களிலேயே கவனமான ஆள்" என்றார். "எந்தெந்தப் பூங்கா, எந்தெந்த வண்டி என்று எழுதிக் கொடு. எல்லாவற்றையும் துடைக்கவேண்டும்."

எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. மேசையிலிருந்து பென்சில் போயிற்று. வேலை தப்பியது. ஆனால் அந்தப் பட்டியல் இருக்கிறதே, அதுதான் மனுஷனைக் கொன்றது.

லக்சாயினியின் கணினிக்கு முன்னால் இருந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். பாலைவனம். சீனா, இரண்டாவது. சீனா, முதலாவது. அப்படியே பின்னோக்கிக் கொரியா, யப்பான், சில பூங்காவில் இரண்டு மூன்று சவாரி என்று போய்ப் பத்து வந்ததும் நிறுத்தினார்.

"புளோரிடாவில முதல் வண்டி?" என்றாள் அவள்.

"அது நான் போட்டதில்லை, பிள்ளை. அவ போட்டவ."

அவள் விரல் எழுத்துப்பலகையில் அப்படியே நின்றது. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அங்கிள், உங்கட குறிகளைத்தானே கேட்டவை. அது உங்கட இல்லை. நான் எழுதாமல் விடுறன். ஒருத்தருக்கும் தெரியாது."

அடக் கடவுளே, எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! இந்த உலகத்தில் தில்லைநாயகியின் கைபட்டு மிஞ்சியிருக்கும் ஒரே கோடு அது. அவள் எழுதுகிற பெண் அல்ல. கடிதம் இல்லை, கொப்பி இல்லை, கையெழுத்துக்கூட அட்டைகளோடு அலுவலகங்களுக்குப் போய்விட்டது. ஒரு சொல் சொல்லாமல் விட்டால் போதும், அது இருக்கும். குலேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். யாரோ ஒரு தொழிலாளி ஒருநாள் அதைக் கண்டு பயந்து சவாரியை நிறுத்துவான். வாசலில் பிள்ளைகள் அழுதுகொண்டு நிற்கும். அவளுக்கு அது பிடிக்குமோ? பிடிக்காது. கொல்லுவாள்.

"எழுதும் பிள்ளை" என்றார். "பதினொன்று."

பதினொன்று என்றால் சோலோதுர்ன்காரருக்கு ராசியான எண், இந்த ஊரில் தேவாலயம்கூடப் பதினொன்றுதான் என்று ஊர்ஸ் பட்டியலைப் பார்த்து ஒரு பகிடி விட்டார். குலேந்திரனும் மரியாதைக்குச் சிரித்துவைத்தார்.

பங்குனியிலிருந்து பதில்கள் வரத் தொடங்கின. ஒவ்வொரு பூங்காவும் துடைத்த இடத்தைப் படமெடுத்து அனுப்பும், அவர் பார்த்து "முடிந்தது" என்று கையெழுத்துப் போடவேண்டும். யப்பான்காரர் மூன்று பக்கத்திலிருந்து எடுத்து அனுப்பியிருந்தார்கள், அவ்வளவு சுத்தம். பாலைவனத்துப் படத்தில் துடைத்தவனின் பெருவிரலும் விழுந்திருந்தது. இருபது வருஷமாகத் தான் உலகமெல்லாம் ஒளித்துவைத்ததை, ஒரு வெறும் இடத்துக்குப் பின் இன்னொரு வெறும் இடமாக, தானே கையெழுத்திட்டு ஒப்புக்கொடுத்தார். அந்த நாட்களில் வீட்டுக்குப் போய் அவர் எதுவும் சொல்லவில்லை. சப்பாத்தைக் கழற்றினார், சோற்றைப் போட்டார், சாப்பிட்டார்.

பத்து வந்துவிட்டது. புளோரிடா மட்டும் வரவில்லை. அந்தச் சவாரியைக் கழற்றி எட்டு வருஷமாம், வண்டி எங்கே என்று தேடுகிறார்களாம். குப்பைக்குத்தான் போயிருக்கும் என்று குலேந்திரன் மனதைத் தேற்றிக்கொண்டார். துடைத்ததைப் பார்ப்பதைவிட அது மேல்.

வைகாசியில் ஒரு வியாழன் பின்னேரம் லக்சாயினி பட்டறைக்குள் ஓடிவந்தாள். மடிக்கணினியை அவர் மேசையில் வைத்தாள்.

"அங்கிள், வாசிக்கிறன், கேளுங்கோ. முதல் இருக்கையைக் கழற்றிப் பூங்கா வாசலில பூட்டி வைச்சிருக்கினமாம். சின்னப் பிள்ளையள் ஏறி இருந்து படம் எடுக்கிறதுக்கு. குறி வார்னிசுக்குக் கீழ இருக்குதாம், துடைச்சாப் போகாதாம். சுரண்டினா ஓடு பழுதாப் போகுமாம். இனி ஓடாத இருக்கைதானே, அப்பிடியே இருக்கட்டும் எண்டு எழுதியிருக்கினம்."

கீழே படம். மஞ்சளாகிப்போன வார்னிஷுக்கு அடியில், கோடு கொஞ்சம் சரிந்தபடி, அவள் போட்டது போட்டபடியே இருந்தது. குலேந்திரனுக்குக் கண் நிறைந்து வழிந்தது. பட்டறைக்குள் ஆட்கள் நின்றார்கள், அவர் மறைக்கவில்லை.

"இப்ப பாஸ்போட் இருக்குத்தானே அங்கிள். ஒருக்காப் போய் அதில இருந்திட்டு வாங்கோவன்."

"அது ரெண்டு பேர் இருக்கிறது, பிள்ளை" என்றார் அவர். "நான் தனியப் போய் என்ன செய்ய?"

அவள் பேனாவை நீட்டினாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

வெயில் இன்னும் சாயவில்லை. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தவர், சப்பாத்தைக் கழற்றாமல் முன்னறையில் அவள் படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"இஞ்சேரும். எல்லாம் அழிஞ்சு போச்சு. உம்மட மட்டும் இருக்குதாம்."

நின்றார். பக்கத்து வீட்டில் போர்த்துக்கீசப் பிள்ளைகள் சண்டை பிடிக்கிற சத்தம் கேட்டது. குசினியில் காலையில் கழுவிக் கவிழ்த்த ஒற்றைக் கோப்பை இருந்தது. அவள் கேட்கிற கேள்விக்காக அவர் இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, குசினிக்குக் கேட்கவேண்டும் என்பதற்காகச் சற்று உரத்தே சொன்னார்.

"புளோரிடா."