யாரும் கேட்காத ஆறாவது பாட்டு

செவிலிமேட்டிலிருந்து ஒரகடத்துக்குப் போகும் கம்பெனி பஸ் ஒன்றை ஒன்பது வருஷமாக ஓட்டுகிறார் கோதண்டபாணி. வயது நாற்பத்தேழு. சொந்த ஊர் மாகறல். அப்பாவின் நிலம் மூன்று தம்பிகளுக்கும் பிரிந்தபோது தன் பங்கை அவர்களிடமே விட்டுவிட்டு லாரி ஓட்டப் போனவர். கல்யாணம் ஆன பிறகு லாரியை விட்டார். மனைவி ரேணுகாம்பாள் காந்தி ரோட்டில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறாள். காலையிலிருந்து பொழுது சாயும்வரை புடவையைப் பிரித்துக் காட்டுவதும் திரும்ப மடிப்பதும்தான் வேலை. வீட்டுக்கு வந்தால் இரண்டு பேருக்கும் பேசக்கூடத் தெம்பு இருக்காது. ஒருத்தர் சாதம் போட்டால் இன்னொருத்தர் தட்டைக் கழுவி வைப்பார். அவ்வளவுதான் குடித்தனம்.

காலை ஷிப்டுக்குப் போகிறவர்களை ஏற்ற வேண்டுமென்றால் அவர் மூன்றரைக்கு எழுந்தாக வேண்டும். அவர்களைத் தொழிற்சாலையில் இறக்கிவிட்டு, அங்கேயே வண்டிக்குள் கொஞ்சம் கண்ணயர்ந்து, வேலை முடித்து வருகிறவர்களைத் திருப்பி அழைத்து வருவார். ஆள் குறைந்த நாளில் அடுத்த ஷிப்டையும் அவர் தலையில் கட்டுவார்கள். ஆள் குறையாத நாள் எது என்று அவருக்கு ஞாபகம் இல்லை.

ஒருநாள் வண்டியைப் பெருக்கும்போது கடைசி சீட்டுக்கு அடியில் ஒரு பென்டிரைவ் கிடைத்தது. யாருடையது என்று ஒரு வாரம் எல்லாரையும் கேட்டார். யாரும் கைநீட்டவில்லை. சரி, என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று வண்டியில் செருகினார். ராபின் ஜெயசீலனின் பாட்டுகள். கிதாரை முதுகுப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு மேடையில் குதிக்கிற ராபினைத் தெரியாதவர் யார்? அவருடைய நாலைந்து பாட்டு கல்யாண மண்டபத்திலிருந்து காலேஜ் விழா வரைக்கும் எங்கே போனாலும் காதில் விழும். பென்டிரைவில் அவையும் இருந்தன. ஆனால் அவருடைய இரண்டாவது ஆல்பத்தில் ஆறாவதாக ஒரு பாட்டு. கோதண்டபாணி அதை அதற்குமுன் கேட்டதே இல்லை. பேர், ‘கேட் மூடியிருக்கு’.

ரயில்வே கேட்டில் ஒருத்தன் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறான். ரயில் வருகிறது, போகிறது. கேட் திறக்கவில்லை, எதிர்ப்பக்கத்து ரயிலும் வர வேண்டும். அவன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறான். பாட்டு அவ்வளவுதான். டிரம்ஸ் கிடையாது, காதலி கிடையாது. ஒரே ஒரு கிதார். ஆறு நிமிஷம். ‘இன்னும் ஒண்ணு வரணுமாம்’ என்கிற இடத்தில் ராபினின் குரல் லேசாக உடையும். அதைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டிருந்தார்கள்.

அன்றைக்கு ஆட்கள் ஏறுவதற்குள் அதை மூன்று முறை போட்டுவிட்டார். வாலாஜாபாத் தாண்டியதும் மறுபடி போட்டார்.

“அண்ணா, இன்னாண்ணா இது, இழவு வீடு மாதிரி இருக்குது? குத்துப் பாட்டு எதுனா போடுங்க” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மாற்றினார். இப்படியே பல நாள். அவர் போடுவார், பத்து வினாடிக்குள் யாராவது கத்துவார்கள்.

ஒரு சாயங்காலம் எல்லாரும் இறங்கியபிறகு ஒரு பெண் மட்டும் படிக்கட்டில் நின்றாள். பிரவீனா. பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர் வீட்டுப் பெண். கார்களுக்கு ஒயர் கட்டும் பிரிவில் வேலை. இருபத்தாறு வயசு.

“அண்ணா, அந்த கேட் பாட்டை நீங்க முழுசா விடவே மாட்றீங்களே. கடைசியில இன்னா ஆவுதுண்ணா?”

“ஒண்ணும் ஆவாதும்மா. கேட் தொறக்காது. பாட்டு முடிஞ்சிடும்.”

அவள் திரும்பி வந்து முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். “போடுங்க, கேட்டுட்டுப் போறேன்.” ஆறு நிமிஷமும் பாட்டு முழுசாக ஓடியது. முடிந்ததும், “நம்மளப் பாத்து எழுதினாப்பல இருக்குதுண்ணா” என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனாள்.

அதன் பிறகு பிரவீனாதான் எல்லாவற்றையும் செய்தாள். இணையத்தில் அந்தப் பாட்டைத் தேடிப் பிடித்தாள். ராபினின் மற்ற பாட்டுகளைக் கோடிப் பேர் கேட்டிருக்க, இதைக் கேட்டவர்கள் நாலாயிரம் பேர்கூட இல்லை. கீழே, ‘இந்தப் பாட்டு வேற யாருக்காவது பிடிக்குமா?’ என்று எழுதி வைத்தாள். பதினைந்து நாள் பதிலே இல்லை. பிறகு குவைத்திலிருந்து ஒரு நர்ஸ் எழுதினாள். கரூரிலிருந்து பஸ் பாடி கட்டுகிற ஒருவர். இப்படி மூன்று மாதத்தில் பதினேழு பேர் சேர்ந்தார்கள். வாட்ஸ்ஆப்பில் ஒரு குழு. அதில் ஒருவர் பக்கத்திலேயே இருக்கும் ஓரிக்கைக்காரராக இருந்தார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்ற கலியாணசுந்தரம். வேட்டியும் துண்டுமாக இருக்கிற அந்த மனுஷன் ராபின் ரசிகர் என்று சொன்னால் அவர் வீட்டிலேயே நம்பமாட்டார்கள்.

குழுவில் வேறு எதையும் பேசக்கூடாது என்று ஏற்பாடு. காலை வணக்கம், சாமி படம் எதுவும் ஆகாது. பாட்டில் நாலாவது நிமிஷத்தில் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். ராபின் உட்கார்ந்திருந்த நாற்காலியின் சத்தம் என்றாள் நர்ஸ். இல்லை, கிதார் கம்பியில் விரல் இழுபடும் சத்தம் என்றார் கரூர்க்காரர். நாற்பது நாள் இதே சண்டை. கோதண்டபாணி குழுவில் எழுதுவது அபூர்வம். ஒரகடத்தில் வண்டிக்குள் படுத்தபடி படித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் மட்டும், ‘எனக்கு அது கேட்டுக்காரர் கதவைத் திறக்கிற சத்தமாத்தான் கேக்குது’ என்று எழுதினார். சண்டை நின்றுபோயிற்று.

அந்த வருஷம் ராபின் ஒரு பேட்டியில் அந்த ஆல்பத்தைப் பற்றிச் சொன்னார். அவசரத்தில் செய்தது, ஆறாவது பாட்டைச் சேர்த்திருக்கவே கூடாது, இடத்தை நிரப்பப் போட்டது என்றார். குழுவே துக்க வீடு மாதிரி ஆகிவிட்டது. பிரவீனா பஸ்ஸில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

“அவருக்குப் புடிக்கலேன்னா போவுதும்மா” என்றார் கோதண்டபாணி. “நமக்குப் புடிச்சிருக்குதில்ல? அவரா நம்ம வண்டியில வர்றாரு?”

ஆனாலும் ராபின் சென்னையில் ஒரு மைதானத்தில் கச்சேரி செய்யப்போகிறார் என்று தெரிந்தபோது, போயே ஆக வேண்டும் என்று முதலில் எழுதியவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணிக்கு. கலியாணசுந்தரம் டிக்கெட் வாங்கினார். ரேணுகாம்பாள் கடையிலிருந்து காலியான புடவை அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். பிரவீனா பெட்டி மூடிகளில் பாட்டின் பெயரை மூடிக்கு ஓர் எழுத்தாக எழுதினாள். எட்டு எழுத்து. ராபின் அந்தப் பாட்டை மேடையில் ஒருமுறைகூடப் பாடியதில்லை. அட்டையைப் பார்த்தாவது பாடமாட்டாரா என்று ஒரு ஆசை.

அந்த வாரம்தான் இரண்டு டிரைவர்கள் வேலையை விட்டுப் போனார்கள். வியாழனிலிருந்து கோதண்டபாணிக்குத் தினமும் இரண்டு ஷிப்டு. ஞாயிறாவது விடுமுறை என்று நினைத்திருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் டிராவல்ஸ் சூப்பர்வைசர் தர்மன் போன் செய்தார். “பாணி, நாளைக்குக் காலைல ஒரு ஸ்பெஷல் ஷிப்டு இருக்குதுப்பா. அத மட்டும் பாத்துடு. மதியத்தோட நீ ஃப்ரீ.”

மதியம் இரண்டு மணிக்கு வண்டியை நிறுத்திவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு ரயிலடிக்கு ஓடினார். சாப்பிடவில்லை. “கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குதே, போவத்தான் வேணுமா?” என்று கேட்ட ரேணுகாம்பாள், பதிலுக்குக் காத்திராமல் இரண்டு வாழைப்பழத்தைப் பையில் போட்டாள். அவரும் பிரவீனாவும் கலியாணசுந்தரமும் செங்கல்பட்டு வரைக்கும் ரயிலில் நின்றுகொண்டே போனார்கள்.

குழுவிலிருந்து ஆறு பேர்தான் வர முடிந்தது. பிரவீனாவும் கலியாணசுந்தரமும் ஆளுக்கு இரண்டு அட்டை, மற்றவர்கள் ஒவ்வொன்று. கோதண்டபாணியிடம் ‘மூ’. மைதானத்தின் நடுப்பகுதியில் இடம் கிடைத்தது. ராபின் வந்தார். கூட்டம் எழுந்து ஆடியது. இரண்டாவது பாட்டு வரைக்கும் கோதண்டபாணியும் நின்றார். மூன்றாவதில் நாற்காலியில் உட்கார்ந்தார். நாலாவதில் தலை சாய்ந்துவிட்டது.

ஒவ்வொரு பாட்டுக்கும் இவர்கள் அட்டையைத் தூக்கினார்கள். ராபின் பார்க்கவில்லை. ஏழு மணி இருக்கும், தண்ணீர் குடிக்க நின்றவர் இந்தப் பக்கம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“கேட்… டியிருக்கு. அது என்னங்க கேட் டியிருக்கு? நடுவுல ஒரு எழுத்தைக் காணோமே?”

அப்போதுதான் பிரவீனா திரும்பிப் பார்த்தாள். ‘மூ’ அட்டை கோதண்டபாணியின் மடியில் கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருக்க, அவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

கலியாணசுந்தரம் கம்பத்தின்மேல் நின்று கீழே இருப்பவனுக்குக் குரல் கொடுத்துப் பழகியவர். “அந்த எழுத்து தூங்குது சார்!” என்று கத்தினார். “பஸ் டிரைவரு சார்! மூணு நாளா ரெண்டு ஷிப்டு! காலைலயும் வண்டி ஓட்டிட்டுத்தான் வந்திருக்காரு! உங்க ஆறாவது பாட்டு கேக்கத்தான் சார் வந்தோம்!”

மைதானம் சிரித்தது. கேமரா திரும்பி, கோதண்டபாணியின் முகம் பெரிய திரையில் வந்தது. பிரவீனா அவர் தோளைத் தொடப் போனாள்.

“எழுப்பாதீங்க” என்றார் ராபின். அவர் சிரிக்கவில்லை. திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு டிரம்ஸ்காரரைக் கையமர்த்திவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “வார்த்தை மறந்திருக்கும். பாத்துக்குங்க” என்றார். மறக்கவில்லை. ஆறு நிமிஷமும் மைதானத்தில் ஒரு சத்தமில்லை. குரல் உடைகிற இடத்தில் இந்தத் தடவையும் உடைந்தது. பிரவீனா அழுதாள். கலியாணசுந்தரம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கோதண்டபாணி தூங்கினார்.

கூட்டம் கலையும்போது யாரோ இடித்துத்தான் விழித்தார். “பாடுனாராம்மா?” என்று கேட்டார்.

“பாடுனாருண்ணா.”

“ஏம்மா எழுப்பல?”

“அவரே எழுப்ப வேணாம்னு சொல்லிட்டாருண்ணா. உங்களுக்காகத்தான்…”

“எனக்காகப் பாடுனா என்னை எழுப்ப வேணாமா?” என்றார். ஊர் வந்து சேரும்வரை ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். நிறைந்த சபையில் கிடைத்த மரியாதை என்று கலியாணசுந்தரம் ஆறுதல் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் ஏறவில்லை.

மறுநாளே அந்த வீடியோ எங்கும் பரவிவிட்டது. நாலாயிரம் பேர் கேட்ட பாட்டை நாலு நாளில் முப்பது லட்சம் பேர் கேட்டார்கள். ‘எவ்வளவு அருமையான பாட்டு, எப்படித் தவறவிட்டோம்’ என்று எல்லாரும் எழுதினார்கள். பஸ்ஸில் ‘இழவு வீடு’ என்றவர்களே, “அண்ணா, நம்ம பாட்டைப் போடுங்க” என்று கேட்டார்கள்.

மூன்றாம் நாள் தர்மன் கூப்பிட்டார். “கம்பெனியில கேக்கறாங்கப்பா. அவ்ளோ சத்தத்துல தூங்கறவரு ஸ்டியரிங்ல தூங்கமாட்டாருன்னு என்ன நிச்சயம்னு. கொஞ்ச நாளைக்கு நீ வண்டிய எடுக்க வேணாம்.”

கோதண்டபாணி சாவியை மேசைமேல் வைத்தார். சண்டை போடலாம் என்று தோன்றியது. போடவில்லை. வீட்டுக்கு வந்து படுத்தவர் மறுநாள் சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. ரேணுகாம்பாள் பயந்துபோய் இரண்டு தடவை மூக்கின் அருகே விரலை வைத்துப் பார்த்தாளாம்.

பிரவீனா சும்மா இருக்கவில்லை. அந்த வண்டியில் வருகிற நாற்பத்தோரு பேரிடமும் கையெழுத்து வாங்கினாள். வியாழன் முதல் ஞாயிறு வரைக்கும் அந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, யார் ஓட்டினார்கள் என்று தேதி போட்டு எழுதி, கம்பெனி மேலாளரிடமே கொண்டுபோய் நீட்டினாள்.

“சார், அந்த அண்ணன் நாற்காலியில தூங்குனாரு. அதனால நாங்க எல்லாம் உசுரோட இருக்கறோம். வண்டியில தூங்கியிருந்தா யாரைக் கேட்டிருப்பீங்க?”

மேலாளர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். பத்து நாள் கழித்து கோதண்டபாணியைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அந்தத் தடத்துக்கு இன்னொரு டிரைவரும் வந்தார். ஒருத்தருக்கு ஒரு நாளில் ஒரு ஷிப்டுதான், வாரத்தில் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்று எழுதி ஒட்டினார்கள். எத்தனை நாளைக்கு நடக்குமோ தெரியாது, இதுவரைக்கும் நடக்கிறது.

ராபின் இப்போது எல்லாக் கச்சேரியிலும் அந்தப் பாட்டைப் பாடுகிறார். அதற்கு டிரம்ஸும் சேர்த்துவிட்டார்கள். கோதண்டபாணி ஒருமுறை கேட்டுவிட்டு, “பரவால்ல, நல்லா கீது” என்றார். அன்றைய வீடியோவை அவர் இன்னும் பார்க்கவில்லை. தான் வாய் திறந்து தூங்குவதை எதற்குப் பார்க்க வேண்டும் என்கிறார். உண்மையான காரணம் அதுதானா என்று ரேணுகாம்பாளுக்கும் தெரியாது.

குழு இன்னும் இருக்கிறது. புதிதாகச் சேர ஆயிரக்கணக்கானவர்கள் கேட்டும் பிரவீனா யாரையும் சேர்க்கவில்லை. போன மாதம் குவைத் நர்ஸ் உற்சாகமாக எழுதியிருந்தாள்: ‘ராபினோட முதல் ஆல்பத்துல ஒன்பதாவதா ஒரு பாட்டு இருக்கு, யாருமே கவனிக்கல. கேட்டுப் பாருங்க. அதுக்கும் அட்டை தூக்குவோமா?’

செவ்வாய்க்கிழமை மதியம். கோதண்டபாணி தரையில் படுத்துக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்டார். நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை கேட்டார். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி எழுதினார்.

‘கேட்டேம்மா. ரொம்ப நல்லா இருக்குது. வெளியில யாருக்கும் சொல்லாதீங்க.’