முதுகில் விழுந்த குத்து

பெயர், இடம், நேரம் மூன்றும் சரியாக இருந்தால் செய்தி எழுதியவனை யாரும் தொட முடியாது என்று நம்பினேன். திருவொற்றியூர்ப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அதைப் பாடமாகவே நடத்தினேன். ஒரு மாணவன் துறைமுக வாசலில் தான் பார்த்த கத்திக்குத்தைச் சுவர்ப் பத்திரிகையில் எழுதினான். மறுநாள், போலீஸ் தேடிக்கொண்டிருந்த, குத்திய ஆளே வகுப்புக்குள் வந்து, மூட்டை இழுக்கும் கொக்கியை என் மேசையில் பாய்ச்சினான்.

"இன்னா வாத்தியாரே, முதுகுல குத்துனேன்னு எழுதிக்கீறான்? மூஞ்சியப் பாத்துதான் குத்துனேன். மாத்தச் சொல்லு!"

என் தொப்பை மேசைக்கு அடியில் அடங்கும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. "மாத்துடா கண்ணு, உடனே மாத்து!" என்று அங்கிருந்தே கத்தினேன்.

"நான் பாத்தேன் அண்ணாத்தே. முதுகுலதான் குத்துன" என்றான் மாணவன்.

அந்த ஆள் கொக்கியின் மரப்பிடியால் அடித்ததில் மாணவனின் வலது மணிக்கட்டு உடைந்தது. அவன் செய்தியை மாற்றவில்லை. அந்த ஆள் போகும்வரை நான் வெளியே வரவில்லை.