நீங்க போங்க, நான் வந்துடுறேன்

கட்டிவிட்ட கதை என்று நினைப்பவர்கள் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும். இது என் அக்கா கணவருக்கு நடந்தது. அன்று அவர் முகத்தைப் பார்த்தவள் நான்.

மாமாவுக்கு அச்சகத்தில் வேலை. வருடக் கடைசியில் காலண்டர் வேலை உயிரை வாங்கிவிடும். அது முடிந்ததும் விடுமுறை. அந்த நாட்களில் அவரும் அக்காவும் ஏரிக்கரையில் ஓடுவார்கள். அவர்கள் மட்டுமா? விடுமுறை வந்தால் ஊரே ஓடும். முதல் நாள் கரையில் கால் வைக்க இடம் இருக்காது. நான்காம் நாள் பாதிப் பேர் போர்வைக்குள். வாங்கிய ஷூ மட்டும் புதுக்கருக்குக் கலையாமல் வாசலில் கிடக்கும். அக்கா அப்படி இல்லை, தினமும் வருவாள். ஆனால் முந்தின இரவு யார் வீட்டு விருந்திலாவது மூக்குப் பிடிக்கத் தின்றிருப்பாள். பாதிச் சுற்றிலேயே மூச்சு வாங்கும். "நீங்க போங்க, நான் வந்துடுறேன்" என்பாள். மாமா ஓடிப்போய்ப் பாலத்தடியில் காத்திருப்பார். அவள் ஆடி அசைந்து வந்து சேருவாள்.

போன வருடம் ஒரு நாள் அவள் வரவில்லை. மாமா திரும்பி ஓடிப் பார்த்தபோது கரையோரம் குப்புறக் கிடந்தாள். மாரடைப்பு என்றார் டாக்டர்.

அவளை ஏன் தனியாக விட்டீர்கள் என்று யாரும் மாமாவைக் கேட்கவில்லை. கேட்காமலே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவதான் போகச் சொன்னா, அவதான் போகச் சொன்னா... வருடம் முழுக்க அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மனிதர் சோறு தின்றார், தூங்கினார், வேலைக்குப் போனார்.

இந்த வருடமும் விடுமுறை வந்தது. வீட்டில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மூன்று நாள் ஒன்றும் இல்லை. கூட்டத்தோடு கூட்டமாக ஓடினார்.

நான்காம் நாள். காலை ஆறு இருபது. நல்ல பனி. வழக்கம்போல் கூட்டம் கரைந்துவிட்டது. பாதை பெருக்குகிற பெண் ஒருத்தி மட்டும் தூரத்தில் நின்றாள்.

பின்னால் காலடிச் சத்தம். டப்... டப்... டப்...

மாமா ஒதுங்கி வழிவிட்டார். யாரும் தாண்டிப் போகவில்லை. திரும்பினார். பாதை காலி. சத்தமும் நின்றுவிட்டது.

மறுபடி ஓடினார். டப்... டப்...

கூடவே மூச்சு. இழுத்து இழுத்து வாங்கும் மூச்சு. அது யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

ஆனாலும் ஓட்டத்தை நிறுத்தவில்லை.

பாதிச் சுற்று வந்தது. காதோரம்...

"நீங்க போங்க... நான் வந்துடுறேன்."

பாலத்தடியில் நின்றார். வெயில் ஏறும்வரை நின்றார். யாரும் வரவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார்கள். மாமா மறுநாள் விடிவதற்குள் போய்விட்டார். அதற்கடுத்த நாளும் போனார். திரும்பிப் பார்த்தால் சத்தம் நின்றுவிடுகிறது என்பதால் திரும்பவே இல்லை. அவளுக்கு என் மேல கோபம் இல்லம்மா என்று என்னிடம் சொல்லி, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். எனக்குப் பயத்தைவிட வயிற்றெரிச்சல்தான் அதிகம். கூடப் பிறந்தவளிடம் ஏன் வரவில்லை அவள்?

விடுமுறையின் கடைசி நாள். அதே பனி. அதே மூச்சு. அதே வார்த்தை. மாமா பாலத்தை நெருங்கும்போது, பாதை பெருக்குகிற பெண் துடைப்பத்தோடு குறுக்கே வந்து நின்றாள். விடுமுறைக்கு மாற்று ஆளாக வேறு பகுதியிலிருந்து வந்தவள். அக்காவைப் பற்றி ஒன்றும் அறியாதவள்.

"கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க சார். அந்தப் பச்சைச் சட்டை போட்ட அம்மா உங்க சம்சாரமா?"

அக்கா விழுந்து கிடந்தது பச்சைச் சட்டையில்தான்.

"தினமும் பார்க்குறேன். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உங்க பின்னாலயே ஓடி வராங்க. 'நில்லுங்க, என்னால முடியல, நில்லுங்க'ன்னு அப்படிக் கத்துறாங்க. இவ்வளவு தூரத்துல நிக்கிற எனக்கே கேக்குது. உங்களுக்குக் கேக்கலையா?"

அன்று மாமா வீட்டுக்குள் வந்தது எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஷூவைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தார். நடந்ததையெல்லாம் சொன்னார். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"போன வருஷம் அவ... 'போங்க'ன்னுதானேம்மா சொன்னா?"

அன்றைக்கு நான் அங்கே இல்லை. எனக்கு எப்படித் தெரியும்?

ஆமாம் மாமா என்றேன்.