சகலைக்கு நான் படித்துச் சொல்லாத வரி

பெண் பார்க்கப் போன அன்று அம்மா பழத்தட்டை எடுத்துக்கொண்டார், அக்கா பூவை எடுத்துக்கொண்டாள், நான் என் பட்டமளிப்பு விழாப் படத்தை எடுத்துக்கொண்டேன். கண்ணாடி போட்டு, பொன்னிறச் சட்டம் அடித்து, நாளிதழில் சுற்றி, பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரைக்கும் ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் அதைச் சாமி படம் என்று நினைத்துவிட்டார். இறங்கும்போது தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். நான் தடுக்கவில்லை. நான் எப்பேர்ப்பட்ட முட்டாள் என்பதை இப்படி முதலிலேயே சொல்லிவிட்டால், பின்னால் வரப்போவதைக் கேட்டு நீங்கள் ரொம்பவும் ஆச்சரியப்பட மாட்டீர்கள் என்பது என் கணக்கு.

அந்தப் படத்தை மாமியார் தொலைக்காட்சிக்கு நேர் மேலே மாட்டினார். எங்கள் கல்யாணப் படத்துக்கே அதற்குக் கீழேதான் இடம் கிடைத்தது. அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் வீட்டுக்கு வரும் எல்லா ஃபாரங்களும் என்னிடம் வந்தன. கடப்பிதழ், சேமநிதி, பிறப்புப் பத்திரம், பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை என்று எதுவானாலும் 'பெரிய மாப்பிள்ளை வரட்டும்' என்று அலமாரியில் காத்திருக்கும். நான் அரசாங்க அதிகாரி என்பதால், நகல் அசலைப் போன்றதுதான் என்று உறுதி சொல்லும் ரப்பர் முத்திரை ஒன்றும் என்னிடம் இருந்தது. தீபாவளிக்குப் போனாலும் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போவேன். முறுக்குத் தட்டு ஒரு பக்கம் வரும், அக்கம்பக்கத்தாரின் சான்றிதழ் நகல்கள் இன்னொரு பக்கம் வரும். முத்திரையை வாயருகே கொண்டுபோய் 'ஹா' என்று ஊதிவிட்டு நான் குத்துகிற சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். ஊத வேண்டிய அவசியமே இல்லாத மைப்பெட்டி அது.

இனி சகலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். பள்ளிப் படிப்பின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் கணக்கைக் கோட்டைவிட்டு, பதினேழு வயதில் லோரியில் சாமான் ஏற்றி இறக்கும் ஆளாகச் சேர்ந்து, துறைமுகத்துப் பக்கம் ஒரு பெரிய கிடங்கில் மேற்பார்வையாளராக உயர்ந்தவர். கொள்கலனின் கதவைத் திறந்து ஒரு பார்வை பார்த்தால் போதும், உள்ளே இன்னும் எத்தனை பெட்டி போகும் என்று சொல்லிவிடுவார். மாமியார் வீட்டில் தண்ணீர்க் குழாய் ஒழுகினால் அவர்; கடிதம் வந்தால் நான். இந்தப் பாகப்பிரிவினையில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. விருந்தாளிகள் வந்தால் அவரே என்னைக் காட்டி, "நம்ம வீட்ல படிப்புன்னா சகலதான். நமக்கு லோரி ஓடுனா போதும்லா" என்பார். அந்த வாக்கியத்தை நான் எவ்வளவு ருசித்துத் தின்றிருக்கிறேன் என்பது, அவர் அதைச் சொல்வதை நிறுத்திய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் ஒரு பிளாஸ்டிக் கோப்புடன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கிடங்கு மேலாளர் அந்த ஆண்டின் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அடுத்து வருகிறவருக்குப் பட்டம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டத்துக்குப் படித்துக்கொண்டாவது இருக்க வேண்டும் என்று கம்பெனியில் புதிதாக ஒரு விதி போட்டுவிட்டார்கள். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கிடங்கைத் தன் சட்டைப் பைபோல் அறிந்தவர், ஒரு காகிதம் இல்லாததால் வெளியே நிற்க வேண்டிய நிலை. ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில், சரக்குப் போக்குவரத்து மேலாண்மை என்று புதிய பட்டப்படிப்பு ஒன்று தொடங்கியிருப்பதாகவும், வாரக்கடைசியில் வகுப்பு என்றும் யாரோ சொல்லி, அதன் கையேட்டை வாங்கி வந்திருந்தார்.

"ஆபீஸ் கடிதாசின்னா படிச்சிருவேன் சகல. இந்த யுனிவர்சிட்டி இங்கிலீசு சுத்திச் சுத்தி வருது. கணக்கு ஒதைக்குமான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். மூன்றாம் பக்கத்தில் தகுதிகள் இருந்தன. எஸ்.பி.எம். கணக்கில் கிரெடிட், அதாவது நல்ல தேர்ச்சி, வேண்டும் என்று போட்டிருந்தது. நான்காம் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. போதுமான வயதும் அந்தத் துறையில் வேலை அனுபவமும் உள்ளவர்களுக்குத் தேர்வு முடிவுகள் தேவையில்லை; செய்த வேலைகளுக்கான சான்றுகளைத் தொகுத்துக் கொடுத்து நேர்முகத்துக்கு வந்தால் போதும். அதை நான் இரண்டு முறை படித்தேன்.

அந்த இரண்டு முறைக்கும் நடுவில் எனக்கு ஒரு கடுப்பு வந்தது. பசி என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் அப்போதுதான் மாமியார் கையால் இரண்டு தட்டு சோறு தின்றிருந்தேன். புள்ளியியலில் இரண்டு தடவை தோற்று மூன்றாவது தடவை கரையேறியவன் நான். இணைப்பாடப் புள்ளிக்காக இரண்டு பருவம் வெயிலில் துப்பாக்கி இல்லாமல் துப்பாக்கி பிடித்ததுபோல் அணிவகுத்தவன். ஆய்வேட்டின் மேற்கோள் பட்டியலில் காற்புள்ளி தவறியதற்காக நாற்பது பக்கத்தை மறுபடி அச்சடித்தவன். இந்த மனிதருக்கோ பெட்டி அடுக்கியதே படிப்பாகிவிடுமாம். கையேட்டை மூன்றாம் பக்கத்திலேயே மடித்து அவர் கையில் கொடுத்தேன்.

"கணக்குல கிரெடிட் இல்லாம முடியாது, சகல."

அவர் கையேட்டை வாங்கிக் கோப்பில் வைத்தார். "அப்படியா, சரி" என்றார். பிறகு கோப்பிலிருந்த சான்றிதழ் நகல்களை நீட்டினார். "எதுக்கும் இருக்கட்டும், முத்திரைய குத்தி வைங்க." நான் வழக்கத்தைவிடப் பலமாகக் குத்தினேன்.

அவர் அத்தோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய், வேண்டிக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்துப் போனால், சாப்பாட்டு மேசையில் சகலையும் ஐந்தாம் படிவம் படிக்கும் அவர் மகளும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் கணக்கு நோட்டு. எஸ்.பி.எம். கணக்கை வெளி மாணவராக மறுபடி எழுதப் பணம் கட்டிவிட்டாராம்.

"அப்பா, மைனஸ முழுங்கிட்டீங்க."

"பசிம்மா."

"போன தடவயும் இதே சொன்னீங்க. அழிச்சிட்டு மறுபடி போடுங்க."

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு அழித்தார். அவள் அப்பாவின் தலையில் பென்சிலால் தட்டினாள். அந்தக் காட்சியைப் பார்த்து எவனுக்கும் மனம் நெகிழ்ந்திருக்கும். எனக்குப் பொறாமைதான் வந்தது. என் மகன் நான் கணக்குப் புத்தகத்தைத் தொட்டாலே குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வான். பட்டம் வாங்கியவன் மகன் பூட்டிக்கொள்கிறான், தோற்றவர் மகள் தலையில் தட்டிச் சொல்லிக்கொடுக்கிறாள். அன்றே சொல்லியிருக்கலாம். ஆண்டு முடிய ஐந்து மாதம் இருந்தது. அடுத்த சேர்க்கைக்குக்கூட நேரம் இருந்தது. இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனேன். உண்மையைத் தள்ளிப்போடுவதில் மட்டும் நான் ஒரு தடவையும் தோற்றதில்லை.

ஒரு நாள் காரில் திரும்பும்போது மனைவி கேட்டாள். "அந்தப் புஸ்தகத்த முழுசா படிச்சீங்கதானே?"

"படிச்சேன்."

"நல்லா படிச்சீங்களா?"

"ஏன், எனக்குப் படிக்கத் தெரியாதா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஒங்க போட்டோவ யாரும் எறக்க மாட்டாங்க, பயப்படாதீங்க."

அவர் தேர்வு எழுதினார். பள்ளி மண்டபத்தில் சீருடைப் பிள்ளைகளுக்கு நடுவே கம்பெனிச் சட்டையில் உட்கார்ந்திருந்தாராம். தேர்வு மேற்பார்வையாளர் என்று நினைத்து ஒரு பையன் கூடுதல் தாள் கேட்டானாம். இதையெல்லாம் அவரே சொல்லிச் சிரித்தார். முடிவு வருவதற்குள் ஆண்டு முடிந்துவிட்டது. மேலாளர் வேலை, பட்டம் வாங்கி நான்கே ஆண்டுகளான ஓர் இளைஞனுக்குப் போனது. அவனுக்குக் கொள்கலன் பட்டியல் பார்க்கக் கற்றுக்கொடுத்தது சகலைதான். அவன் அவரை அங்கிள் என்கிறான். அவர் அவனை சார் என்கிறார். அந்த நாற்காலியை நான்காம் பக்கத்தை மறைத்த என் கைதான் தூக்கி அவனிடம் கொடுத்தது. இது எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

கணக்கில் அவருக்கு பி கிடைத்தது. எனக்கு அந்தக் காலத்தில் கிடைத்தது அதைவிட ஒரு படி கீழே. இதை யாரும் கேட்கவில்லை, நானாகச் சொல்லவும் இல்லை. நண்டு வாங்கி வந்து வீட்டையே மணக்கவைத்தார். சாப்பிடும்போது, பல்கலைக்கழகத்தில் பதியப்போன கதையைச் சொன்னார். முகப்பில் இருந்த பெண் அவர் தாள்களைப் பார்த்துவிட்டு, "அங்கிள், இத்தன வருஷ அனுபவத்துக்கு நீங்க கணக்கே எழுதியிருக்க வேணாமே, நேரா வந்திருக்கலாமே" என்றாளாம். எல்லாரும் சிரித்தார்கள். சகலை நண்டுக் காலை உடைத்துக்கொண்டிருந்தார். என் பக்கம் பார்க்கவே இல்லை. நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். இருமல் வந்து தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று.

அதன்பின் அவர் படிப்பைப் பார்த்து நான் வெந்த கதை தனி. பாடங்கள் பதிவாகி இணையத்தில் இருக்கின்றன. புரியாவிட்டால் திரும்ப ஓடவிடலாம், அலுத்தால் வேகத்தை இரட்டிப்பாக்கலாம். என் புள்ளியியல் பேராசிரியரை இரட்டை வேகத்தில் ஓடவிட முடிந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன். ஆய்வேடு கிடையாது, தன் கிடங்கிலேயே ஒரு சிக்கலைத் தீர்த்து அதை எழுதிக் கொடுத்தால் போதும். வெள்ளத்தின்போது கம்பெனி லோரியில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்ததைச் சமூகப் பணிப் பாடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். நான் வெயிலில் காய்ந்து வாங்கிய புள்ளியை அவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வாங்கினார் என்பதை என் மனம் ஒப்புக்கொள்ள வெகுநாள் பிடித்தது. மாமியார் என் படத்தை ஒரு முழம் இடப்பக்கம் நகர்த்தி, வலப்பக்கம் ஒரு வெறும் ஆணியை அடிக்கச் சொன்னார். "சின்ன மாப்பிள்ள படத்துக்கு" என்றார். சகலை படிப்பை முடிக்க இன்னும் ஒன்றரை ஆண்டு இருந்தது. அந்த ஆணியை அடித்துக் கொடுக்கும் வேலையும் எனக்கே வந்தது. கட்டைவிரலில் ஒரு அடி விழுந்தது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, வகுப்புக்கு முன்னால் பிரிக்பீல்ட்ஸில் சாப்பிடலாம் என்று அவரே கூப்பிட்டார். வாழையிலைக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் பக்கத்தில் புத்தகப்பை. அதன் மேல் பல்கலைக்கழக முத்திரையுடன் ஒரு தாள். பாடத்திட்டத்தை நடுவிலேயே மாற்றிவிட்டார்களாம். பழைய விதியிலேயே தொடரலாம்; அல்லது பாடங்கள் குறைவாகவும், ஆறு மாதத் தொழிற்பயிற்சி கட்டாயமாகவும் உள்ள புதிய விதிக்கு மாறலாம். எது வேண்டும் என்று ஒவ்வொரு மாணவரும் எழுதிக் கொடுக்க வேண்டும். சொந்தக் கிடங்கில் பார்க்கும் வேலையையே பயிற்சியாக ஏற்றுக்கொள்வார்களா, இல்லை சம்பளமில்லாமல் ஆறு மாதம் வேறெங்காவது போய் நிற்க வேண்டுமா என்பது தாளில் எங்கோ ஒரு வரியில்தான் இருக்கும். தவறாகத் தேர்ந்தெடுத்தால் குடும்பத்தின் அரையாண்டுச் சோறு போய்விடும்.

அவர் அதைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சாம்பாரைப் பிசைந்துகொண்டு, புதிய மேலாளரான அந்த இளைஞனுக்குக் கல்யாணம் வருகிறது, மொய் எவ்வளவு வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார். நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்து நான்கு ஆண்டுகளில் அந்தக் குடும்பத்துக்கு வந்த ஒரு தாள்கூட என் கண்ணில் படாமல் போனதில்லை. இலையில் விரல் நின்றுவிட்டது.

"சகல, அன்னிக்கு அந்தப் புஸ்தகத்துல நாலாவது பக்கத்துல அந்த வரி இருந்துச்சு. நான் பாத்தேன். ரெண்டு தடவ படிச்சேன். படிச்சிட்டுத்தான் சொல்லல."

அவர் பிசைவதை நிறுத்தவில்லை. பரிமாறும் பையன் அப்பளம் வைத்துவிட்டுப் போனான். பக்கத்து மேசையில் யாரோ ரசம் கேட்டார்கள். என்னென்னவோ வார்த்தைகளுக்கு நான் தயாராக இருந்தேன். திட்டுவார் என்றால் வாங்கிக்கொள்ளலாம். மன்னிப்பார் என்றால் இன்னும் நல்லது, வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. இலைக்கு மேலாக இடது கையை அந்தத் தாளை நோக்கி நீட்டினேன்.

"இதயாச்சும் கொடுங்க சகல. ஒரு எழுத்து விடாம படிச்சுச் சொல்றேன்."

அவர் அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டு சொன்னார்.

"காலைலயே படிச்சு பதில் அனுப்பிட்டேன், சகல."