குழியில் போட்ட உப்பு

சாப்பிட உட்காரும் முன் நாகமுத்து ஒருமுறை வலது கையை முகர்ந்து பார்ப்பான். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பி இழுக்கும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. கையில் எண்ணெயும் துருவும்தான் இருக்கும். ஆனாலும் பழவேற்காட்டு ஏரியில் அப்பனோடு வலை இழுத்த காலத்து வாடை நகக்கண்ணில் எங்கோ தங்கிவிட்டதென்று அவனுக்கு நினைப்பு.

அவன் ஏரியை விட்டு வந்ததற்கு ஊரில் பலதும் சொன்னார்கள். நாற்றம் பிடிக்காமல் வந்தான் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவன் அதை யாரிடம் போய்ச் சொல்வான்?

வாடகைக்கு வீடு கிடைத்தது பெரும்பாடு. எந்த ஊர் என்று கேட்டவர்கள் பதில் வந்ததும் உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில் நெல் விளையும் நிலம் வைத்திருந்த மணியம்மாள் தன் வீட்டுக்குப் பின்னாலிருந்த ஓட்டு வீட்டைக் கொடுத்தாள். சாவியைத் தரும்போதே சொன்னாள்.

"ஆக்கித் துன்னுங்க, வேணாங்கல. கருவாடு காயவெக்கிறது, மீன் கழுவின தண்ணி ஊத்துறது, இதெல்லாம் இங்க கூடாது. நாத்தம் வந்துச்சின்னா சித்திரைல வேற ஊடு பாத்துக்கோ. தோட்டத்துல இன்னா வேணா போட்டுக்கோ. அந்த எலுமிச்ச மரம் மட்டும் என்னுது."

ஆடியில் ஊர் அம்மனுக்குப் போடும் முதல் மாலைக்கு அந்த மரத்துப் பழம்தான் போகும். மணியம்மாள் அதை யாரையும் தொடவிட மாட்டாள்.

வேறு எவரும் வீடு தரப்போவதில்லை என்பது நாகமுத்துவுக்குத் தெரியும். இந்த வீடு போனால் ஏரிதான்.

அவன் மனைவி குப்பாயிக்கு மண் என்றால் உயிர். ஏரிக்கரையில் இருந்தபோதே உப்புக்காற்றில் எதையாவது முளைக்க வைத்துக்கொண்டிருந்தவள். மாசி பிறந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவனையும் இழுத்துவிட்டாள். அவரைப் பந்தலைப் பிரிக்க வேண்டும். கொடி முழுக்கக் கறுப்புப் பேன். தண்டு தெரியாமல் அப்பிக்கொண்டிருந்தது. உருவினால் விரலிடுக்கில் நசுங்கிப் பசையாக ஒட்டியது. பந்தலுக்கு அடியில் ஈரச் செங்கலைப் புரட்டினால் ஓடில்லாத நத்தைகள், சளி மாதிரி. கொத்திவிட்ட மண்ணில் கட்டியென்று நினைத்து ஒன்றை எடுத்து நசுக்கினான். பூனை புதைத்துவிட்டுப் போனது அது.

குப்பாயி சிரித்தாள். "கம்பெனிக்காரரு மொகத்தப் பாரு. மோந்து பாக்கல இன்னிக்கு?"

"வாய மூடிக்கினு தண்ணி ஊத்து மே."

அடுத்த வாரம் அவன் வேலைக்குப் போயிருந்தபோது குப்பாயியின் அண்ணன் முனிகிருஷ்ணன் வந்து ஒரு மூட்டையை இறக்கிவிட்டுப் போனான். நாகமுத்து திரும்பியபோது தெருமுனையிலேயே மூக்கு சொல்லிவிட்டது. எலுமிச்சைக்கும் சுவருக்கும் நடுவில் பெரிய குழி வெட்டி மூடியிருந்தது. மேலே குப்பாயி பூசணி விதை ஊன்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னாது இது?"

"எறா தலை. இப்பல்லாம் எறா ஏத்துற ஷெட்டுல தலைய கிள்ளிப் போட்டுட்டுத்தான் பெட்டில அடைக்கிறாங்களாம். மலை மாரி கெடக்குதாம், சும்மா குடுக்குறான். எங்கம்மா பூசணிக்கு இதான் போடும். காயி இந்தாப் பெருசு."

"ஊட்டுக்காரம்மா இன்னா சொல்லிச்சி?"

"கருவாடு காயவெக்கக் கூடாதுன்னிச்சி. நான் எங்க காயவெச்சேன்? பொதச்சிட்டேன்."

சில நாளில் பூசணி முளைத்தது. கூடவே மண் வெடித்து மேலே வந்தது நாற்றம். நாய் ஒன்று தோண்டிவிட்டுப் போன இடத்தில் நாகமுத்து குனிந்து பார்த்தான். சோற்றுப்பருக்கை மாதிரி வெள்ளை வெள்ளையாகப் புழு. ஒன்றின்மேல் ஒன்று ஏறி, மொத்தக் குழியும் மெல்லக் கொதிப்பதுபோல் இருந்தது. இளஞ்சிவப்பு மீசைகள் அதில் எழுந்து எழுந்து விழுந்தன. அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தான். மணியம்மாள் அன்று காலை மரத்தடிக்கு வந்து வெகுநேரம் நின்றுவிட்டுப் போயிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவனுக்குக் கலக்கமாக இருந்தது.

மீன் நாறத் தொடங்கினால், புழு வைத்தால், என்ன செய்வது? ஏரிக்கரையில் நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். குப்பாயி ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில், தெருவில் வந்த உப்பு வண்டிக்காரனிடம் ஒரு கோணி கல்லுப்பு வாங்கினான். குழியைக் கிளறி, அப்பன் கருவாட்டுத் தொட்டியில் போடுவதுபோல ஒரு வரிசை உப்பு, ஒரு வரிசை தலை என்று அடுக்கினான். உள்ளே இறங்கட்டுமென்று மேலே தண்ணீரும் ஊற்றினான். புழுக்கள் சுருண்டு துடித்து ஓய்ந்தன. மண்ணை மூடினான். மறுநாள் நாற்றம் பாதியாகிவிட்டது. ஏரி தனக்குக் கற்றுக்கொடுத்ததில் ஒன்றாவது உருப்படியானது என்று நினைத்துக்கொண்டே கம்பெனிக்குப் போனான்.

பூசணி முதலில் போனது. குப்பாயி வெயில் என்றாள். பங்குனி நடுவில் எலுமிச்சையின் இலை ஓரங்கள் தீய்ந்தன. பூவும் பிஞ்சும் கொட்டித் தரை வெளுத்தது. அவள் குழிமண்ணை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினாள்.

"கரிக்குதுயா. இன்னா பண்ணே?"

அவன் சொன்னான்.

"தோட்டத்துல கருவாடு போட்ட மொத ஆளு நீதான்" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

மணியம்மாள் வந்தாள். உதிர்ந்த பிஞ்சுகளைக் குனிந்து பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டே பேசினாள். குரல் உயரவில்லை.

"எறா தலை பொதச்ச அன்னிக்கே நாத்தம் வந்துச்சி. எனக்கு மூக்கு இல்லன்னு நெனச்சியா?"

நாகமுத்து தன் காலடியில் கிடந்த பிஞ்சை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"மறுவாரமே மரம் மொத்தமும் மொக்கு. நான் இந்த ஊட்டுக்கு வந்தப்பறம் அப்பிடி மொக்கு வுட்டதில்ல. சரி, நாறிட்டுப் போவட்டும்னு மூக்கப் பொத்திக்கினு இருந்தேன். உப்பப் போடச் சொல்லி உன்னிய யாருய்யா கேட்டா?"

"நாத்தம் வந்தா ஊட்டக் காலி பண்ணணும்னு நீங்கதாம்மா…"

"இப்ப நாத்தம் இல்ல. மரமும் இல்ல." அவள் நிமிர்ந்தாள். "ரெண்டுல ஒண்ணு. சித்திரைல கெளம்பு. இல்லாங்காட்டி அந்த மண்ணு மொத்தத்தையும் வாரிக் கொட்டிட்டு, உப்பு போவ தண்ணி ஊத்திட்டு, உங்க ஊர்லேந்து புதுசு கொண்டா. உப்பு படாதது."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவன் குழிக்குள் நின்றான். தலைகள் அழுகவுமில்லை, காயவுமில்லை. சாம்பல் நிறத்தில் வழவழவென்று கையில் வந்தன. கரும்பொட்டுக் கண்கள் அப்படியே இருந்தன. மண்வெட்டியில் நிற்காமல் வழுக்கியதால் கையால் அள்ளிக் கூடையில் போட்டான். உப்புநீர் விரல் வெடிப்பில் ஏறி எரிந்தது. இரண்டுமுறை சுவரோரம் போய் வாந்தி எடுத்தான். பிறகு கிணற்றிலிருந்து குடம் குடமாக இறைத்து ஊற்றினான்.

மறுவாரம் பழவேற்காட்டுக்குப் போனான். ஷெட்டுக்குப் பின்னால் ஈ மொய்த்த குவியலிலிருந்து முனிகிருஷ்ணன் மூட்டை கட்டிக்கொடுத்தான். "இன்னா மச்சான், தலையத் தேடிக்கினு வந்துட்ட?" என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

பஸ்ஸில் கண்டக்டர் மூட்டையைப் பார்த்தான், அவனையும் பார்த்தான். "மேல ஏத்து. நீயும் அதுங்கூடவே குந்து."

கூரைமேல் மூட்டையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்து வந்தான். ஒவ்வொரு பள்ளத்திலும் கோணி கசிந்து மடியில் சொட்டியது. வேறு பக்கம் திரும்பி மூச்சு விட்டாலும் அதே வாடைதான்.

மணியம்மாள் மரத்தடியில் காத்திருந்தாள். கோணியைப் பிரித்து, சேலை முனையால் மூக்கை மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"உப்பு இல்லியே?"

"இல்லம்மா."

"ஒரு மூட்டை பத்தாது. மரம் தேறுற வரிக்கும் மாசா மாசம் கொண்டாந்துடு. ஊட்ட நீயே வெச்சிக்கோ."

கிணற்றடியில் சிவப்புச் சோப்பு பாதியாகும்வரை தேய்த்தான். குப்பாயி தட்டு வைத்துக் கூப்பிட்டாள். அண்ணன் கொடுத்தனுப்பிய இறாலைக் குழம்பு வைத்திருந்தாள். நாகமுத்து உட்கார்ந்தான். கை பழக்கத்தில் மூக்குவரை போயிற்று. பாதியில் இறக்கிச் சோற்றில் வைத்தான்.