மடித்துக் கட்டிய லுங்கி

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் பஞ்சர் கடை வைத்திருந்த ரகுபதிக்குப் பெரிய உடம்பு. அதுதான் அவனைப் பிடித்த சனியன். சும்மா நின்றாலும் வம்புக்கு நிற்கிறவனாகத் தெரிவான். பெங்களூர் சாலையில் போகிற லாரிக்காரர்களில் பாதிப் பேருக்கு அவனைப் பார்த்ததும் உரசிப் பார்க்கத் தோன்றும்.

அவன் பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது வடக்குப்பட்டுத் திருவிழாவில் ஏதோ வாய்த்தகராறு. ரகுபதி ஒருவனை அறைந்தான். ஒரே அறைதான், அந்த ஆளுக்கு ஒரு காது போயிற்று. ஊரில் பேசி முடித்துவிட்டார்கள். ரகுபதியின் பெண்சாதி காந்திமதி முடிக்கவில்லை.

"இன்னொருத்தன் மேல கை வெச்சேன்னு தெரிஞ்சுது, புள்ளையத் தூக்கிகினு எங்கம்மா வூட்டுக்குப் பூடுவேன். அப்பால வந்து கூப்பிடாதே" என்றாள். சொன்னால் செய்கிறவள்.

அன்றிலிருந்து ரகுபதிக்கு நிம்மதி போயிற்று. யாராவது குரலை உயர்த்தினால், டயர் நெம்புகிற கம்பியை முதலில் கீழே போட்டுவிடுவான். மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிடுவான். எங்கள் பக்கத்தில் லுங்கியை இறக்கிவிட்டால் மரியாதை. எதிரே நின்று மடித்துக் கட்டினால், வாடா பார்த்துவிடலாம் என்று அர்த்தம். பிறகு, எட்டி நின்றபடியே, "தப்பு எம்மேலதான் நைனா" என்பான். தப்பு யார் மேல் இருந்தாலும் இதுதான் பதில். பெரும்பாலும் சண்டை அங்கேயே புஸ்ஸென்று அடங்கிவிடும்.

எண்பத்தொன்றாம் வருஷம், மழை விட்ட ஒரு மத்தியானம். ஆபிரகாம் என்ற நாகர்கோவில் டிரைவர் லாரியைக் கொண்டுவந்து கடைமுன் நிறுத்தினான். காலையில் ரகுபதி ஒட்டிக் கொடுத்த டயர் வழியிலேயே ஒட்டு விட்டுக் காற்று இறங்கிவிட்டதாம்.

"ஏலேய், என்னலே ஒட்டியிருக்க? வண்டி கவுந்திருந்தா நீயா வந்து தூக்குவ?"

அவர்கள் ஊரில் கூடப்பிறந்தவர்களே 'ஏலே' போட்டுக் கொஞ்சிக்கொள்வார்களாம். இங்கே அது செருப்படி. டீக்கடைக் கூட்டம் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்தது. மண்டை உடைவதைப் பார்க்கவென்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேறு வேலையே இருக்காது. கேடுகெட்ட கூட்டம்.

ரகுபதி கம்பியைப் போட்டான், லுங்கியை இறக்கினான், தப்பு தன்மேல்தான் என்றான். ஆபிரகாமின் குரலும் இறங்கியது. காசு வேண்டாம், திரும்ப ஒட்டித் தருகிறேன் என்று ரகுபதி அவனை நோக்கி நடந்தான். நடுவில் சேற்றுத் தண்ணீர். லுங்கி நனையப்போகிறதே என்று, அவன் கை பழக்கதோஷத்தில் அதைத் தூக்கி மடித்துக் கட்டிவிட்டது.

"மடிச்சுட்டாண்டா!" என்று கூட்டம் கத்தியது.

ஆபிரகாமும் அப்படித்தான் நினைத்தான். ஜாக்கிக் கம்பியை எடுத்து ஓங்கிவிட்டான். ரகுபதியின் கை முஷ்டியாக இறுகியது. எதிரே நின்றது ஒல்லி மனுஷன், ஒரு குத்துக்குத் தாங்கமாட்டான். அது தெரிந்திருந்ததுதான் ரகுபதிக்குப் பெரிய பயம். பக்கத்தில் நின்ற டயரை ஆபிரகாமின் கால் பக்கம் உருட்டிவிட்டு, திரும்பி ஓட்டம் பிடித்தான். அவ்வளவு பெரிய உடம்பு ஓடுவதைப் பார்த்து பஸ் நிறுத்தமே கைகொட்டிச் சிரித்தது. லுங்கியை மடித்துக் கட்டியது ஓடுவதற்காவது உதவியது.

ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தவனைக் காந்திமதி தேடி வந்தாள். சேதி அவளுக்கு எட்டியிருந்தது.

"ஆர் மேலயாவது கை பட்டுச்சா?"

"இல்ல."

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவமானமா கீதுமே. ஊரே சிரிக்குது." என்றான் ரகுபதி.

"சிரிக்கட்டும்."

"நாளைக்குக் கடையத் தெறக்கணும். மறுபடியும் எவனாச்சும் அடிக்க வந்தா?"

"மறுபடியும் ஓடு" என்றாள் காந்திமதி. "இங்க வந்து குந்திகினு இருக்காதே. நேரா வூட்டுக்கு ஓடியா. நானும் புள்ளையும் அங்கதான் இருப்போம்."