முதல் ஊசி அம்மாவுக்கு

வில்லியனூரில் நான் போன அக்குபஞ்சர் மருத்துவர் ஓர் இளம்பெண். என் வலத்தோளைத் தொட்டுப் பார்த்தபின், ஊசியை எடுப்பதற்கு முன்பாக, இனி என்னவெல்லாம் நேரும் என்பதைப் பொறுமையாகச் சொன்னார். குத்தும்போது கொசுக்கடி அளவுக்குத் தெரியும். பிறகு அந்த இடம் கனத்துப் போகும். இருபது நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். தூக்கம் வந்தால் தூங்கிவிடலாம். ஒரே நாளில் குணத்தை எதிர்பார்க்கக் கூடாது, வாரம் ஒருமுறையாக ஏழெட்டு முறையாவது வர வேண்டும். தெரியும் என்றேன். முன்பே எங்காவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். ஒன்பது வயதில் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

பாகூரில் இருந்த என் அத்தையின் கணவர் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, சைகோனில் பல ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பியவர். அப்படித் திரும்பியவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்பார்கள். மற்ற சொல்தாக்கள் பட்டும் பீங்கானும் கொண்டுவந்தார்கள். மாமா ஒரு தகரப் பெட்டியில் ஊசிகளையும், அவற்றை எங்கே குத்துவது என்கிற அறிவையும் கொண்டுவந்தார்.

எனக்கு மூச்சிழுப்பு. எங்கள் குருவிநத்தம் ஆற்றங்கரை ஊர். பனிக்காலத்தில் நான் பள்ளிக்குப் போன நாட்களைவிடப் போகாத நாட்களே மிகுதி. அம்மாவுக்கும் ஒரு தொல்லை இருந்தது. அவளுடைய வலக்கை தோளுக்கு மேல் எழும்பாது. கொண்டை போடும்போது தலையைக் கையிடம் கொண்டுபோவாள். அதற்கு மருத்துவம் வேண்டும் என்று வீட்டில் எவருக்கும் தோன்றவில்லை. மாடு கறக்கவும் களை எடுக்கவும் கை தோளுக்கு மேல் போக வேண்டியதில்லை அல்லவா?

என் இழுப்புக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைப் பாகூருக்கு அழைத்துப் போனாள். கொதிக்கும் நீரில் ஊசிகளைக் கண்டதும் நான் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டேன்.

"வெளிய வாடா. சைகோன்ல சண்ட போட்ட மனுசன், உன்னக் கொல்றதுக்கா இங்க வந்து குந்தினுகீறாரு?" என்றாள் அத்தை.

மாமா அவசரப்படவில்லை. அம்மா காப்பித் தம்ளரை இடக்கையால் வாங்கியதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருடா, மொதல்ல உங்கம்மாவுக்குப் போட்டுக் காட்டறேன். அவ கத்தினா நீ வூட்டுக்கு ஓடிடு."

அம்மா அத்தையின் முகத்தைப் பார்த்தாள். "புள்ளைக்காகத்தான, உக்காரு" என்றாள் அத்தை. அம்மா கையை நீட்டினாள். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே ஓர் ஊசி, முழங்கைக்குச் சற்றுக் கீழே ஒன்று. இரத்தம் வரவில்லை. "கனமாகீது அண்ணே" என்றாள். "அப்படித்தாம்மா இருக்கும்" என்றார். சற்று நேரத்தில் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள். நான் பயந்து எழுப்பப் போனேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் விழித்தபின் எனக்குப் போட்டார். நான் கத்தவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் முதல் ஊசி அம்மாவுக்கு, எனக்குப் பயம் தெளிவதற்காக. எனக்கு மணிக்கட்டிலும் முதுகிலும் குத்துவார். அவளுக்கு வேறு இடங்களில். வித்தியாசத்தைக் கவனித்தேன். போட்டுக் காட்டுவதற்கு எந்த இடமானால் என்ன என்று முடிவு செய்துகொண்டேன். ஊசிகளை எடுத்தபின், அவள் கை சுவரில் எட்டும் இடத்தில் மாமா கரித்துண்டால் ஒரு கோடு போடுவார். முதல் வாரம் தோளுயரம். நான்காம் வாரம் காதுயரம். ஐந்தாம் வாரம் நெற்றி. அதை விளையாட்டென்று எண்ணி, எனக்கும் பக்கத்தில் ஒரு கோடு போடச் சொன்னேன். போட்டார்.

அந்த வாரம் எனக்கு ஒருநாளும் இழுக்கவில்லை. இரவுச் சோற்றின்போது அப்பாவிடம் பெருமையாக அறிவித்தேன்.

"எனக்குப் பயம் போயிடுச்சுப்பா. இனிமே அம்மா போட்டுக் காட்ட வேணாம்."

அப்பாவுக்கு மகிழ்ச்சி. அம்மாவிடம் திரும்பினார். "அப்ப நீ எதுக்கு அரை நாள் வேலையக் கெடுத்துகினு போற? நானே சைக்கிள்ல இட்டுகினு போறேன்."

அம்மா ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தாள். "சரி" என்றாள்.

அப்பா கடுமையானவர் அல்லர். கேட்டிருந்தால் அனுப்பியிருக்கவும் கூடும். தனக்கென்று கேட்பது அவள் வழக்கத்தில் இல்லை. மூன்று மாதங்களுக்கு முன், தொண்ணூறைத் தாண்டிய வயதில், அம்மா இறந்தாள். நிறைந்த வாழ்வு, வருந்தக் கூடாது என்று உறவினர்கள் சொன்னார்கள், நானும் ஒப்புக்கொண்டேன். அந்தக் கை கடைசிவரை நெற்றிக்கு மேல் எழவில்லை.

நான் அப்படி அறிவித்ததற்கு அடுத்த ஞாயிறு காலையில் அப்பா சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். அம்மா என் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, அவருக்குக் கேட்காத குரலில் கேட்டாள்:

"இன்னும் ரெண்டு வாரம் பயந்தா உனக்கு இன்னாடா கொறஞ்சிடும்?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

"எனக்குத்தான் பயமே இல்லியே. பொய்யா சொல்லச் சொல்ற?"

அவள் கடைசிப் பொத்தானையும் போட்டு முடித்தாள். "வாணாம்பா" என்றாள். "பொய் சொல்லாத."

நான் சைக்கிளின் முன்கம்பியில் ஏறி உட்கார்ந்தேன். நான் பெரியவனாவது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று பாகூர் போய்ச் சேரும்வரை அவள்மேல் கோபமாக இருந்தேன்.